நிழல் வேலை பார்த்த அக்கா

அந்த நாடகக் குழுவில் அக்காவுக்கு ஒரு பதவி இருந்தது. நடிகை இல்லை, பாட்டுக்காரி இல்லை, டீ போட்டுக் கொடுப்பவள்கூட இல்லை. அவள் ‘நிழல்’. நிழல் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நடிப்பவர் போகிற இடத்துக்கெல்லாம் கொஞ்சம் தள்ளி, யாரோ எவரோ போல, கையில் ஒரு பையோடு நிற்க வேண்டும். யாராவது வம்பு செய்தால் ஓடிப்போக வேண்டும். செய்யாவிட்டால் சும்மா நிற்க வேண்டும். சும்மா நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவள் நின்றது தம்பிக்காக. தம்பிக்கு நாற்பது தாண்டிவிட்டது, முன்தலையில் முடியும் கொட்டிவிட்டது. குழுவில் எல்லோரும் அவனை இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் எல்லா ஸ்விட்சையும் போட்டுப் பார்ப்பான், எல்லா அலமாரியையும் திறந்து பார்ப்பான், எல்லாம் ஒழுங்காக இருந்தால் ‘சரி’ என்று தலையாட்டிவிட்டு உட்காருவான். படிப்பு ஏறவில்லை. கணக்கு பிடிபடவில்லை. ஒரு விஷயம் அவனுக்குள் போய்ச் சேர நேரமாகும், சேர்ந்துவிட்டால் வெளியே வராது. இதற்கு டாக்டர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், தெருவில் ஒரு பெயர். தெரு வைத்த பெயரை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

அக்காவின் பிழைப்பு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். விடிந்ததும் போய்விடுவாள். இஸ்திரி போடும் பெரிய உருளைகளுக்கு நடுவே புகுந்து வெளியே வரும் விரிப்புகளை, எதிரே நிற்கும் இன்னொருத்தியோடு மூலைக்கு மூலை சேர்த்து மடித்து, தள்ளுவண்டியில் அடுக்க வேண்டும். மேலே ஆவி, கீழே எப்போதும் ஈரத் தரை. அந்த ஈரம் வருஷக்கணக்காக முழங்கால் வழியே ஏறி உட்கார்ந்துவிட்டது. மாடிப்படி ஏறும்போது அவள் முழங்கால் போடும் சத்தத்தைக் கேட்டு, கீழ்வீட்டுப் பூனை எழுந்து போய்விடும். மத்தியானம் வீட்டுக்கு வந்து தம்பிக்குச் சாப்பாடு போட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு ஒத்திகைக்குப் போவாள். வீட்டுக்காரர் வெளியூர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் போனில்தான் குடும்பம் நடத்துவார்.

“உன் தம்பி ஆபீஸ் போறான். நீ அவனுக்கு பியூன்” என்பார்.

குழுவுக்கு மேடை கிடையாது, திரை கிடையாது. நடிக்கிற நான்கு பேரும் இன்ஸ்பெக்டர் மாதிரிக் கற்றல் குறைபாடு உள்ளவர்கள். நடத்துகிற அம்மாளை டைரக்டர் என்பார்கள். எப்போது பார்த்தாலும் தொண்டை கட்டியிருக்கும். ‘இவங்களை அரங்கத்துக்குள்ள வெச்சுக் காட்டினா, ஜனங்க அழுதுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. வெளியில வெச்சுக் காட்டினாத்தான் வழிவிட்டு நிப்பாங்க’ என்பது அவர் கட்சி. அதனால் நாற்காலிக் கடையில் நடத்தினார்கள், வரி கட்டும் அலுவலகத்தின் வரிசையில் நடத்தினார்கள், இந்தத் தடவை பஸ் நிலையத்தில். நாடகம் பார்க்க வந்தவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் ரிப்பன் கட்டிக்கொண்டு பயணிகளோடு பயணிகளாக உட்கார்ந்திருப்பார்கள். மற்ற ஜனங்களுக்கு நாடகம் நடப்பதே தெரியாது.

அந்த நாடகம் பிறந்த கதை அக்காவுக்குப் பிடிக்காது. ஒரு நாள் ஒத்திகையில் டைரக்டர் நான்கு பேரிடமும் ஒரு கேள்வி கேட்டார்: வெளியே போகும்போது உங்களிடம் வீட்டு ஆட்கள் அதிகமாகச் சொல்கிற வார்த்தை எது? நான்கு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். “இங்கயே உக்காரு.” அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவால் சிரிக்க முடியவில்லை. தம்பி அந்த வார்த்தையைச் சொன்னபோது குரல்கூட அவள் குரல் மாதிரியே இருந்தது.

நாடகம் இவ்வளவுதான். நான்கு பேரும் பஸ் நிலையத்தில் நான்கு இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வெகுநேரம் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்திருப்பார்கள். ஒருத்தி கடைக் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை சீவுவாள். ஒருவர் குழாயில் தண்ணீர் குடிப்பார். இன்னொருத்தி விசாரணை ஜன்னலில் குனிந்து, உள்ளே இருப்பவரிடம் ‘நல்லா இருக்கீங்களா?’ என்று விசாரிப்பாள். கடைசியில் இன்ஸ்பெக்டர் எழுந்து போய் டிக்கெட் எடுத்து, பஸ் ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் வரும் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி வருவான். அவன் வரும்வரை ரிப்பன்காரர்கள் காத்திருக்க வேண்டும்.

“இதுல நாடகம் எங்க இருக்கு? நான் தினம் வண்டி ஏறி எறங்கறேன், எனக்கு எவன் கைதட்டினான்?” என்று கேட்டார் வீட்டுக்காரர்.

பஸ் நிலைய மேலாளர் அனுமதி கொடுக்கும்போதே கறாராகச் சொல்லிவிட்டார்: ஆளுக்கு ஒரு நிழல் இல்லாமல் ஒருவரும் நடமாடக் கூடாது. நிழல்களுக்கும் விதி உண்டு. நடிப்பவர் சட்டைக் காலரைப் பிடித்தால் உதவி வேண்டும் என்று அர்த்தம். பிடிக்காதவரை கிட்டே போகக் கூடாது. தம்பி பஸ்ஸில் முன்வாசல் வழியாக ஏறுவான். அக்கா பின்வாசல் வழியாக ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரோ மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அவளுக்கு அலுத்துவிட்டது. இதை மென்று விழுங்காமல் சொல்லிவிடுவதுதான் நல்லது. தம்பிமேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் பஸ்ஸில், கடையில், ஆஸ்பத்திரியில், கல்யாண வீட்டில் என்று சுற்றி இருப்பவர்கள் முகத்தையே பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் பூத்துப்போய்விட்டது. யார் சிரிக்கப் போகிறான், யார் முறைக்கப் போகிறான், யார் ‘ஐயோ பாவம்’ என்று உச்சுக்கொட்டப் போகிறாள் என்று மோப்பம் பிடித்தே வாழ்க்கை பாதி கழிந்துவிட்டது. இந்த நாடகம் முடிந்ததும் நிழல் வேலையை விட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். டைரக்டரிடம் மட்டும் ஜாடைமாடையாகச் சொன்னாள்.

“அக்கா, நீங்க இல்லன்னா இன்ஸ்பெக்டர் வர மாட்டாரே. நிழல் இல்லாம என்னால அவரை நாடகத்துல இறக்கவும் முடியாது” என்றார் டைரக்டர். அவர் குரலே இறங்கிவிட்டது.

ஆக, அவள் விட்டால் தம்பிக்கு நாடகம் போய்விடும். அவன் வாழ்க்கையில் அவனாகச் சம்பாதித்த பொருள் அது ஒன்றுதான். அந்தப் பாவத்தை யார் தலையில் கட்டுவது என்று தெரியாமல், தம்பியிடம் சொல்லாமலே நாளைக் கடத்தினாள்.

அப்படி இருக்கும்போதுதான் பஸ் நிலையத்துக்கு ஒரு புது செக்யூரிட்டி வந்தான். பழைய ஆள் விடுப்பில் போயிருந்தார். நாடகத்தைப் பற்றிப் புது ஆளுக்கு யாரும் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் ரொம்ப நேரமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை அவன் கவனித்துக்கொண்டே இருந்தான். இன்ஸ்பெக்டர் எழுந்ததும் குறுக்கே வந்து கையைப் பிடித்தான்.

“ஏய், எங்க போற? யாரு கூட வந்த?”

“பஸ்ஸுக்குப் போறேன். டிக்கெட் எடுக்கணும். கையை எடுங்க” என்றான் தம்பி. நிதானமாகத்தான் சொன்னான். காலரைத் தொடவே இல்லை. ரிப்பன்காரர்கள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா அதையெல்லாம் பார்த்தாளா? இல்லை. அவள் பார்த்தது செக்யூரிட்டியின் முகத்தை, பக்கத்தில் சிரிக்கத் தயாரான இரண்டு பேரின் வாயை. விதியும் மறந்தது, நாடகமும் மறந்தது. பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

“சார், விட்டுடுங்க சார். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. மூளை சரியில்லாதவன் சார், பாவம். நான்தான் கூட வந்தேன். மன்னிச்சுக்குங்க.”

வருஷக்கணக்காகச் சொல்லித் தேய்ந்த வாக்கியம். நாக்கு தானாகவே உருட்டிவிட்டது. செக்யூரிட்டி சட்டென்று கையை விட்டான். விட்டதோடு நிற்காமல் இன்ஸ்பெக்டரின் தோளைத் தட்டிக் கொடுத்து, “முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?” என்று நல்லவனாகிவிட்டான். ஒரு ரிப்பன்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஸ் அதுபாட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டது. அன்றைய நாடகம் அத்தோடு சரி.

உடை மாற்றிக்கொள்ளக் குழுவுக்குப் பார்சல் அறையின் ஒரு மூலையைக் கொடுத்திருந்தார்கள். மூட்டைகளுக்கும் கயிற்றுச் சுருள்களுக்கும் நடுவே தம்பி நீலச் சட்டையைக் கழற்றி, அக்கா சொல்லிக்கொடுத்தபடியே மூலைக்கு மூலை சேர்த்து மடித்தான். அவன் முகம் சிவந்திருந்தது.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்ன.”

“டேய், அது ஒரு பேச்சுக்கு...”

“கையை எடுங்கன்னு நான் சொன்னேன். அவரு எடுக்கப் போனாரு. அதுக்குள்ள நீ வந்துட்ட.” அவன் மூச்சு வாங்கினான். “நீ என்னைப் பாக்கவே இல்ல. எப்பவும் அவங்களத்தான் பாக்கற.”

தம்பி டைரக்டர் பக்கம் திரும்பினான்.

“மேடம், எனக்கு வேற நிழல் குடுங்க. அக்கா வேணாம்.”

அவள் விடத் தவித்த வேலையை அவனே பிடுங்கிக்கொண்டான். விட்டது சனி என்று நிம்மதியாக மூச்சு விட்டிருக்க வேண்டும். ஆனால் வயிறு எரிந்தது. நாம் தூக்கி எறிவது வேறு, நம்மைத் தூக்கி எறிவது வேறு. சாயங்காலம் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

“மச்சான் உன்னை டிஸ்மிஸ் பண்ணிட்டானா?” அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இவள் பக்கம் சத்தமே இல்லாததைக் கவனித்துவிட்டு, “சரி விடு. கொஞ்ச நாள் காலை நீட்டிப் படு” என்றார்.

படுத்தாள். மத்தியானம் வேலையிலிருந்து வந்து, தம்பியைக் குழுவின் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டுப் படுத்தாள். மின்விசிறியைப் பார்த்தாள். கண்ணை மூடினால் செக்யூரிட்டி தட்டிக் கொடுத்த தோள்தான் தெரிந்தது. அந்தத் தட்டலுக்கு வழி செய்து கொடுத்தது அவள் வாய்தான் என்பது அரித்துக்கொண்டே இருந்தது. தம்பி வீட்டில் சாப்பிட்டான், குளித்தான், ஸ்விட்சுகளைச் சோதித்தான். நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ‘நேத்து எப்படிடா போச்சு?’ என்று கேட்டால், ‘போச்சு’ என்பான்.

புது நிழலாகத் துணிமணி பார்த்துக்கொள்ளும் பெண்ணைப் போட்டிருந்தார்கள். ஒல்லியாக, சுறுசுறுப்பாக இருப்பாள். அக்கா போகாவிட்டால் தம்பி வர மாட்டான் என்று டைரக்டரும் அக்காவும் நினைத்துக்கொண்டிருந்தது சுத்தப் பொய்யாகிவிட்டது. அவன் ஒரு நாள்கூடத் தவறவில்லை. பொய்யானதில் அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷம் முழுசாக இறங்க மாட்டேன் என்றது.

கடைசி நாள் காட்சியன்று காலையில், செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியவளைத் தம்பி நிறுத்தினான்.

“இன்னிக்கி வரதுன்னா வா. ரிப்பன் கட்டிக்கிட்டு வா.”

போனாள். மத்தியானம் பஸ் நிலையத்தில் டைரக்டரே அவள் மணிக்கட்டில் ரிப்பனைக் கட்டிவிட்டார். பெஞ்சில் மற்ற ரிப்பன்காரர்களோடு உட்கார்ந்தாள். எதிர்ப்பக்கம் தம்பி. இரண்டு முழங்காலும் ஒட்டி, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். அடிக்குப் பயந்தவன் உட்காருகிற மாதிரி இருந்தது. இப்படியா உட்காருவான் இவன்? நடிக்கிறானா, அல்லது எப்போதுமே இப்படித்தானா? பக்கத்திலேயே இருந்தவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு அவன் எழுந்தான். அவசரப்படவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். இரண்டு பக்கமும் பார்த்தான். டிக்கெட் கொடுப்பவரிடம் ஊர் பெயரைச் சொன்னான். அவர் திரும்பக் கேட்டார். இவன் அதே குரலில் திரும்பச் சொன்னான். பஸ் வந்து நின்றது. முன்வாசலில் ஏறினான்.

பின்வாசலில்தான் தகராறு. ஏதோ தொழிற்சாலை விட்ட நேரம், கூட்டம் பிதுங்கி வழிந்தது. துணிமணிப் பெண் முண்டினாள், இடித்தாள், ஒரு காலைப் படியில் வைத்தாள். யாரோ ஒரு பெரிய மூட்டையோடு அவளை ஓரங்கட்டிவிட்டு ஏறினார். பஸ் புறப்பட்டுவிட்டது. அவள் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, பேயறைந்த மாதிரி நின்றாள்.

டைரக்டர் ஓடி வந்து அக்காவின் பக்கத்தில் குனிந்தார். “பயப்படாதீங்கக்கா. அடுத்த ஸ்டாப்புல நம்ம வேன் டிரைவரை முன்னாடியே நிக்க வெச்சிருக்கேன்.” சொல்லி முடிக்கும்போதே அவர் போன் அடித்தது. கேட்டவர் முகம் வெளிறிப்போய்விட்டது. பஸ் வந்து போய்விட்டதாம். இன்ஸ்பெக்டர் இறங்கவில்லையாம்.

அக்கா எழுந்தாள். ஓடுவதற்காகத்தான் எழுந்தாள். எங்கே ஓடுவது என்று தெரியாமலே எழுந்தாள். முழங்கால் ‘மாட்டேன்’ என்று மடங்கிவிட்டது. தொப்பென்று பெஞ்சிலேயே விழுந்தாள். அவள் பதறாமல் உட்கார்ந்திருந்தாள், தம்பிமேல் அவ்வளவு நம்பிக்கை என்று பிற்பாடு குழுவில் சிலர் மெச்சிக்கொண்டார்கள். நம்பிக்கையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முழங்கால்தான்.

“மைக்ல சொல்லச் சொல்றேன். எல்லா கண்டக்டருக்கும் போன் போட்டுடுவாங்க” என்று டைரக்டர் மேலாளர் அறைப் பக்கம் நகர்ந்தார்.

“மைக்ல என்ன சொல்வாங்க மேடம்?”

டைரக்டர் நின்றார். என்ன சொல்வார்கள் என்பது அக்காவுக்கு மனப்பாடம். நீலச் சட்டை, முன்தலை வழுக்கை, மூளை சரியில்லாதவர், கண்டவர்கள் பிடித்து உட்கார வைக்கவும். அவள் வாயால் சொன்னதையே இனி ஒலிபெருக்கி பஸ் நிலையம் முழுக்கச் சொல்லும். அவன் திரும்பி வந்து இறங்கும்போது அத்தனை பேரும் அவனைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள்.

“வேணாம் மேடம். கொஞ்சம் பொறுங்க.”

“அக்கா, ஏதாவது ஆயிடுச்சுன்னா...”

“ஆச்சுன்னா என் தலையில போடுங்க. மைக் வேணாம்.”

சொல்லிவிட்டாளே தவிர, உயிர் அவளிடம் இல்லை. எந்த ஸ்டாப்பில் நின்றுகொண்டு திருதிருவென்று விழிக்கிறானோ, எவன் கையைப் பிடித்து இழுக்கிறானோ. டைரக்டர் அங்கும் இங்கும் நடந்தார். துணிமணிப் பெண் தூணுக்குப் பின்னால் நின்று அழுதாள். ரிப்பன்காரர்களுக்கு எதுவும் தெரியாது. இதுவும் நாடகம் என்று நினைத்து உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு ஜோடி எழுந்து போனது. மற்றவர்கள் முனகினார்கள், கால் மாற்றிப் போட்டார்கள், ஆனாலும் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் தூண்களைவிட்டு நகர்ந்து சுவருக்குப் போனது. பஸ் பஸ்ஸாக வந்தது. ஒவ்வொன்றும் யார் யாரையோ இறக்கிவிட்டுப் போனது.

பிறகு ஒரு பஸ்ஸின் முன்வாசலில் நீலச் சட்டை தெரிந்தது.

இருந்த கொஞ்ச முடியும் பறந்து நெட்டுக்குத்தாக நின்றது. முகத்தில் ஒரு பக்கம் மட்டும் புழுதி அப்பியிருந்தது. நிதானமாக இறங்கி, நடந்து, தன் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தான். நாடகம் முடிந்தது என்று அர்த்தம். ரிப்பன்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். பொழுதுபோக்காக நின்றிருந்த நாலு பயணிகளும், எதற்கென்று தெரியாமலே சேர்ந்து தட்டினார்கள். டைரக்டருக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்து, இரண்டும் கட்டிய தொண்டையில் சிக்கிக்கொண்டன.

அவனே எழுந்து அக்காவிடம் வந்தான்.

“எங்கடா போன?” திட்ட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தாள். குரல் ஒத்துழைக்கவில்லை.

“கடைசி ஸ்டாப்பு.”

“அடுத்த ஸ்டாப்புல ஏன்டா எறங்கல?”

“ஜன்னல் சீட்டு கெடச்சுதுக்கா.”

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“கடைசி ஸ்டாப்புல என்னடா இருந்துச்சு?”

அவன் யோசித்தான். “தெரியாது. நான் எறங்கவே இல்ல. எறங்கினா யாராவது சீட்டைப் பிடிச்சுடுவாங்க. அப்படியே உக்காந்திருந்தேன். அதே பஸ்ஸு திரும்பி வந்துடுச்சு.”

எத்தனை பஸ், எத்தனை பயணம். ஒரு தடவைகூட அவனை அவள் ஜன்னலோரம் உட்கார வைத்ததில்லை. அங்கே உட்கார்ந்தால் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கை காட்டுவான், கத்திக் கூப்பிடுவான், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ஜன்னலோரம் எப்போதும் அவள், உள்பக்கம் அவன். அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காததால் அவனுக்கு அது வேண்டாம் என்று நினைத்துவிட்டாள். அதை நினைத்தபோது அவளுக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. பஸ் நிலையத்தின் நட்டநடுவில், ரிப்பன் கட்டிய கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். யார் பார்த்தார்கள், யார் சிரித்தார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது.

தம்பி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தான். பிறகு கேட்டான்.

“இந்த பஸ்ஸு சீக்கிரம் முடிஞ்சுபோச்சு. இதைவிட தூரம் போற பஸ்ஸு இருக்காக்கா?”

“இருக்குடா” என்றாள். மூக்கைச் சிந்திப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “நிறைய இருக்கு.”